வடம் பிடிக்க ஆள் வேண்டும்

ஜப்பானுக்கு இரண்டு முறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை ஏழு நாளில் பதினோரு கோயில் பார்த்தேன். இரண்டாம் முறை ஒரு மாதம் தங்கியும் அநேகமாக ஒரே ஒரு வட்டாரத்தைத்தான் பார்த்தேன். எது நன்றாக இருந்தது என்று சங்கத்து நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லப் புகுந்தால் நம் சங்கத்துப் பல்லக்கு விவகாரமும் கூடவே வருகிறது. ஆசிரியர் இடம் கொடுத்திருப்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பல்லக்கு விவகாரம் பலருக்கும் தெரியும். நம் பங்குனி உத்திர ஊர்வலத்தில் உற்சவரை எட்டுப் பேர் தோளில் சுமந்துகொண்டு போவது வழக்கம். நான் 1978-ல் கல்கத்தாவுக்கு வேலையாக வந்தபோது தண்டுக்குத் தோள் கொடுக்கப் போட்டி நடக்கும். 2023-ல் எட்டுத் தோள் சேரவில்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் பூனாவிலும் இருக்கிறார்கள். இங்கே மிச்சம் இருப்பவர்களுக்கு மூட்டு வலி. அந்த ஆண்டு செயற்குழுவில், இனிமேல் அலங்கரித்த டெம்போவில் உற்சவரை எழுந்தருளச் செய்யலாம் என்று தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவன் நான். "துர்கையே லாரியில்தானே போகிறாள்" என்று வாதாடியவனும் நான்தான். ஒன்பதுக்கு இரண்டு என்று நிறைவேறியது. எதிர்த்த இருவரில் ஒருவரான மூத்த மாமி, "டெம்போவில் போவது வீடு மாற்றுகிறவர்கள் சாமான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இனி ஜப்பான். முதல் பயணம் 2018 ஏப்ரலில், செர்ரிப் பூக்களுக்காக, ஒரு டூர் கம்பெனியுடன். கொடி பிடித்த வழிகாட்டி முன்னால் ஓட, நாற்பது பேர் பின்னால் ஓடினோம். பொன் வேய்ந்த கின்காகுஜிக்கு இருபத்தைந்து நிமிடம். குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டோம். இன்று நாம் பார்க்கிற அந்த மண்டபம் 1955-ல் கட்டியது, பழையதை 1950-ல் ஓர் இளம் துறவி கொளுத்திவிட்டார் என்பதெல்லாம் திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டது. ரியோஆன்ஜி கல் தோட்டத்துக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். வெள்ளைச் சரளை மணலில் பதினைந்து கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு கல் மறைந்தே இருக்கும் என்பதுதான் அதன் விசேஷம். நாங்கள் உட்காரவே இல்லை. நின்றபடி எண்ணினோம், பதினான்கு வந்தது, வண்டி ஏறினோம்.

நாராவில் பெரிய புத்தர். அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற தென்னிந்தியத் துறவி என்பதை வழிகாட்டி சொல்லவில்லை. அவர் 736-ல் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். 752-ல் கண் திறப்பு விழாவை நடத்தி வைத்தார். அன்று அவர் பிடித்த தூரிகையில் நீளமான ஒரு கயிற்றைக் கட்டி, வந்திருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும்படி செய்தார்களாம். கண்ணைத் திறந்தது ஒரு கை, ஆனால் பிடித்தவை எத்தனையோ கைகள். அந்தத் தூரிகையும் கயிறும் ஷோசோஇன் என்ற பழைய பொக்கிஷ சாலையில் இன்றும் இருக்கின்றன. இதையும் பின்னால்தான் படித்தேன். படித்தபோது அதில் எனக்கு விசேஷமாக எதுவும் தோன்றவில்லை. ஆறு வருஷம் கழித்துத்தான் தோன்றியது.

என் மகனுக்கு ஒசாகாவில் வேலை. 2024 ஜூலையில் நானும் மனைவியும் அவனிடம் போய்த் தங்கினோம். ஒசாகாவிலிருந்து கியோத்தோ ரயிலில் அரை மணிதான். ஜூலை மாதம் முழுவதும் கியோத்தோவில் கியோன் திருவிழா. வெயிலைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்கத்தா ஆடி மாதப் புழுக்கம் அப்படியே அங்கேயும். மகனுடன் வேலை செய்பவரின் உறவினர் ஒருவர், துணி மொத்த வியாபாரம் செய்து ஓய்வு பெற்ற பெரியவர், கியோத்தோவின் முரோமாச்சிப் பகுதியில் இருந்தார். திருவிழாவுக்கு ரதம் வைத்திருக்கும் தெருக்களில் ஒன்று அவருடையது.

ரதம் தெருவுக்குச் சொந்தம் என்பதுதான் இந்தத் திருவிழாவில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. 869-ல் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, நாட்டின் மாநிலங்களுக்கு ஒன்றாக 66 ஈட்டிகளை நட்டு நோய் தெய்வத்தைச் சாந்தி செய்ததில் தொடங்கியது விழா. யசாகா கோயிலின் விழாதான், ஆனால் வீதி வலம் வரும் 34 ரதங்களும் கோயிலுக்குச் சொந்தமல்ல. நகரத்துத் தெருக்கள் ஒவ்வொன்றும் தன் ரதத்தைத் தானே வைத்துக் காப்பாற்றுகிறது. நம் பாடாப் பூஜை மாதிரிதான். ஆனால் போட்டிப் பந்தலும் பரிசும் கிடையாது. 23 ரதங்கள் ஜூலை 17-ஆம் தேதியும் 11 ரதங்கள் 24-ஆம் தேதியும் புறப்படுகின்றன. பெரிய ரதம் சுமார் 12 டன் எடை. உச்சி 25 மீட்டர் வரை போகும். ஆணி அடிப்பதில்லை. மரச் சட்டங்களை வைக்கோல் கயிற்றால் வரிந்து கட்டியே நிறுத்துகிறார்கள். ஊர்வலம் முடிந்து திரும்பிய உடனே, அன்றைக்கே பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வீதியில் இருந்த நோயையெல்லாம் ரதம் தன்மேல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டதாக நம்பிக்கை. அதனால் அதை நிறுத்தி வைக்கக் கூடாது.

'கியோன்' என்ற பெயர் நம் நாட்டிலிருந்து போனது. சிராவஸ்தியில் புத்தர் தங்கிய ஜேதவனத்தைத்தான் ஜப்பானியர்கள் கியோன் என்றார்கள். யசாகா கோயிலுக்கு 1868 வரை கியோன் கோயில் என்றே பெயர்.

பெரியவர் வீட்டுக்கு முதல் நாள் போனபோது என் மனைவி மரியாதைக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று வெள்ளரிக்காய்த் தயிர்ப்பச்சடி செய்து எடுத்துப் போனாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, தலை வணங்கி, சங்கடத்தோடு மகனிடம் ஏதோ சொன்னார். "அம்மா, இந்தக் கோயிலைச் சேர்ந்தவங்க ஜூலை மாசம் வெள்ளரிக்காய் சாப்பிட மாட்டாங்களாம். குறுக்கே வெட்டினா கோயில் முத்திரை மாதிரி இருக்குமாம்." என் மனைவிக்கு அவரை உடனே பிடித்துப் போய்விட்டது. புரட்டாசிச் சனிக்கிழமைக்கு ஒரு நியாயம் உண்டென்றால் இதற்கும் உண்டு என்றாள்.

அவர் வீட்டு முகப்பின் மர அழிக்குச் செங்காவி நிறம் பூசியிருந்தது. அந்தக் காவிக்கு ஜப்பானிய மொழியில் 'பெங்காரா' என்று பெயர், வங்காளத்திலிருந்து வந்ததால் அப்படி. நாங்கள் வங்காளத்திலிருந்துதான் வருகிறோம் என்றதும் அவருக்குச் சந்தோஷம். ஆனால் சொந்த ஊர் மதராஸ் பக்கம் என்று மகன் விளக்கியதும், உள்ளே போய் மாதிரித் துணிகள் ஒட்டிய பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் மெல்லிய கோடு போட்ட பருத்தித் துணி ஒன்று. விரலை வைத்து "சந்தொமே" என்றார். ஐரோப்பியக் கப்பல்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடு போட்ட துணிக்கு அங்கே சாந்தோம் என்றே பெயர் நின்றுவிட்டது. என் மனைவி மயிலாப்பூர்க்காரி. அந்தச் சிறு துண்டை அவள் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரதங்களில் தொங்கும் திரைகளிலும் இந்தியக் கம்பளங்கள் உண்டு. துகி-ஹோகோ என்ற சந்திர ரதத்தின் முன்தொங்கல் 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் நெய்தது. நம் சரக்கு போய்ச் சேர்ந்து முந்நூறு நானூறு ஆண்டு ஆகிவிட்டது. நாம்தான் டூர் கம்பெனியோடு தாமதமாகப் போகிறோம்.

ஜூலை முதல் தேதியிலிருந்தே தெருவின் பொதுக்கட்டடத்து மாடியில் வாத்தியப் பயிற்சி. ஜன்னலைத் திறந்து வைத்து வாசிப்பதால் கீழே நடக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும். சேகண்டி, புல்லாங்குழல், மத்தளம். சிறு பையன்கள் முதலில் சேகண்டியில்தான் தொடங்க வேண்டும். சில வருஷம் அதைத் தட்டிய பிறகே குழலோ மத்தளமோ. வரிசையில் கடைசிப் பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். தவறாகத் தட்டினால் யாரும் அதட்டவில்லை. பக்கத்தில் இருந்த தாத்தா தன் சேகண்டியைக் கொஞ்சம் பலமாகத் தட்டினார், அவ்வளவுதான். அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன். பக்கத்தில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு வந்த குடும்பமாம்.

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் உறுத்தல். தெருவில் பரம்பரையாகக் குடியிருப்பவர்கள் விரல் விட்டு எண்ணும் வீடுகள்தான் என்றார் பெரியவர். மற்றவை அலுவலகம், ஓட்டல், அடுக்குமாடி. அவர் பிள்ளைகளும் தோக்கியோவில். என் கதையேதான். "பிறகு எப்படி நடத்துகிறீர்கள்?" என்று கேட்டேன். யார் வந்தாலும் முதலில் ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிடுவோம், இரண்டு வருஷத்தில் அவர் எங்களவர் ஆகிவிடுவார் என்றார். மூங்கில் இலை கட்ட ஒருவர், இரவுக் காவலுக்கு ஒருவர், கணக்கு எழுத ஒருவர். வேடிக்கை பார்க்க வந்தவரிடம் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் அவர் சீக்கிரமே வந்து நிற்பார் என்று சொல்லிச் சிரித்தார்.

ரதமே இல்லாமல் போன தெருக்கள் என்ன செய்தன என்பதையும் கேளுங்கள். 1864-ல் கியோத்தோவில் நடந்த சண்டையில் மூண்ட பெருந்தீயில் ஓஃபுனே-ஹோகோ என்ற கப்பல் வடிவ ரதம் எரிந்து போனது. தெய்வத் திருமேனிகள் மட்டும் தப்பின. அந்தத் தெருக்காரர்கள் ரதம் இல்லாமலே மிஞ்சியவற்றை எடுத்து வைத்து விழாக் கொண்டாடி வந்தார்கள். 2014-ல், 150 ஆண்டு கழித்து, புதிதாகக் கட்டி வீதிக்குக் கொண்டுவந்தார்கள். தகா-யாமா என்ற இன்னொன்று 1826-ல் புயல்மழையில் சேதப்பட்டு நின்றுபோனது. 196 ஆண்டு கழித்து 2022-ல் திரும்ப வந்தது. ரதத்தைக் கண்ணால் பார்த்தவர் யாரும் உயிரோடில்லாத காலத்திலும் அந்தத் தெருவுக்கு அது 'ஓய்விலிருக்கும் ரதம்'தான். இல்லாமல் போனது என்று சொல்ல மாட்டார்கள். கொரோனாவால் 2020-லும் 2021-லும் ஊர்வலம் கிடையாது. ஆனாலும் 2021-ல் ஏறக்குறைய பாதி ரதங்களைக் கட்டி நிறுத்திப் பிறகு பிரித்தார்கள். கட்டாமல் விட்டால் கை மறந்துவிடும் என்பதுதான் காரணம். நாம் கொரோனாவுக்காக நிறுத்திய மார்கழி பஜனையை அதற்குப் பிறகு தொடங்கவே இல்லை.

ஜூலை 12. ஊர்வலத்துக்கு முன்னால் பெரிய ரதங்களை இழுத்து வெள்ளோட்டம் பார்க்கிறார்கள். அன்று வழியில் போகிற யார் வேண்டுமானாலும் வடம் பிடிக்கலாம் என்று எனக்குத் தெரியாது. ஷிஜோ வீதியில் துகி-ஹோகோவுக்கு முன்னால் இரண்டு வடங்கள் தரையில் கிடந்தன. மழலையர் பள்ளிக் குழந்தைகள், ஆபீஸ் போகிற பெண்கள், கைத்தடியோடு ஒரு பாட்டி. "அப்பா, உங்களையும் பிடிக்கச் சொல்றார்" என்றான் மகன். அறுபத்தெட்டு வயதில் குனிந்து வடத்தை எடுத்தேன். கடைசியாக நான் தேர் வடம் பிடித்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி கோயில் சித்திரைத் தேரில், பள்ளிக்கூடப் பையனாக. மேலே நின்றவர்கள் விசிறியை நீட்டிக் குரல் கொடுத்தார்கள். சேகண்டி தொடங்கியது. முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முனகிக்கொண்டு சக்கரம் அசைந்தது. அந்த அசைவு கைவழியாக வந்து தோளில் ஏறியதைத்தான் இவ்வளவு நாளாக மறந்திருந்தேன். நூறு கஜம் இழுத்திருப்போம், அவ்வளவுதான். கண் கலங்கியதை வியர்வையோடு துடைத்துக்கொண்டேன்.

பதினேழாம் தேதி ஊர்வலத்தை ஷிஜோ-கவராமாச்சி நாற்சந்தி அருகே நின்று பார்த்தோம். இந்த ரதங்களுக்குத் திரும்பும் அச்சு கிடையாது. மூலையில் திருப்ப வேண்டுமானால் பிளந்த மூங்கில் பட்டைகளைச் சக்கரத்தின் கீழ் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் வடம் போட்டு ஒரே இழுப்பாக இழுத்துச் சறுக்க வைக்கிறார்கள். இரண்டு மூன்று இழுப்பில் 12 டன்னும் திரும்பிவிடுகிறது. சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு நடக்கிறவர்களைப் பார்த்தால் நம் ஊரில் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் அதே நடை, அதே முகம். பார்வையாளர்கள் எல்லோரும் உச்சியைப் பார்க்கிறார்கள். அவர்கள் மட்டும் மண்ணைப் பார்க்கிறார்கள்.

எல்லாம் அங்கே ஒழுங்கு, இங்கே அலங்கோலம் என்று எழுத வரவில்லை. ஊர்வல நாளில் வடம் இழுப்பவர்களில் கூலிக்கு வரும் மாணவர்களும் உண்டு. முன்காலத்திலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆள் வருவார்களாம். பல ரதங்களில் பெண்கள் ஏற இன்னும் அனுமதியில்லை. சில தெருக்களே வழக்கத்தை மாற்றியிருக்கின்றன. நம் மாமி அங்கே இருந்திருந்தால் இதற்கும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். காசுத் தொல்லையும் உண்டு. 2023-ல் ஊர்வலம் பார்க்க ஓர் இருக்கை 4 லட்சம் யென் என்று சாப்பாடு, மதுவோடு விசேஷ மேடை போட்டார்கள். 2024-ல் யசாகா கோயிலின் தலைமை குருமார் இது வழிபாடு, காட்சியல்ல என்று வெளிப்படையாக ஆட்சேபித்தார். நாங்கள் போயிருந்தபோது ஊரெல்லாம் அதே பேச்சு. அதே ஆண்டு வசந்தத்தில், கெய்ஷாப் பெண்களைத் துரத்திப் படம் எடுத்தவர்கள் தொல்லை தாங்காமல் கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் சுற்றுலாக்காரர்கள் நுழையக் கூடாது என்று பலகை வைத்துவிட்டார்கள். 2018-ல் நாங்கள் நாற்பது பேரும் காமிராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பகுதியில்தான் அலைந்தோம். ஆகவே அந்தப் பலகையில் எனக்கும் பங்குண்டு.

இரண்டு விழாக்களுக்கும் இடையே ஒரு நாள் சைஹோஜிக்குப் போனோம். பாசித் தோட்டத்துக்குப் பேர்போன கோயில். 1977-லிருந்து முன்கூட்டி விண்ணப்பித்தவர்களை மட்டும்தான் விடுகிறார்கள். கூட்டம் மிதித்துப் பாசி பாழானதும் அக்கம்பக்கம் நெரிசலில் திணறியதும்தான் காரணம். உள்ளே போனதும் தோட்டத்தைக் காட்டுவதில்லை. முதலில் உட்கார்ந்து தூரிகையால் பிரார்த்தனை வாசகத்தை எழுத வேண்டும். எனக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது, மேலே மெல்லிய தாள் வைத்துக் கீழே இருப்பதன்மேல் எழுதினேன். அதற்கே முக்கால் மணி ஆனது. அதற்குப் பிறகு தோட்டத்துக்குள் போனால் நடையே மாறிவிடுகிறது. நூறுக்கு மேற்பட்ட வகைப் பாசிகள் இருக்கின்றனவாம். எனக்கு அவ்வளவும் ஒரே பச்சை. நான் பார்த்துக்கொண்டு நின்றது ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்த தோட்டக்காரர் ஒருவரை. சிறிய துடைப்பத்தால் பாசி அலுங்காமல் சருகைத் தள்ளிவிட்டு, களையை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துக்கொண்டிருந்தார். அரை மணியில் ஒரு பாய் அளவு நகர்ந்திருப்பார். ரியோஆன்ஜி மணலிலும் அந்தக் கோடுகள் தானாக நிற்பதில்லை, யாரோ வாரிக்கொண்டு இழுத்த கோடுகள் அவை என்பது 2018-ல் எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஆகவே ஜப்பான் போகிற நம் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். பதினோரு கோயில் வேண்டாம். ஒரு கோயில், ஒரு தோட்டம் போதும், காலை முழுவதும் உட்காருங்கள். முடிந்தால் ஜூலை 12-ஐக் கணக்கு வைத்துப் போய் வடம் பிடியுங்கள், கட்டணம் கிடையாது. சைவச் சாப்பாடு கஷ்டம்தான். எல்லாக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது பெரியவர் ஒரு சிமாகி கொடுத்தார். மூங்கில் இலைகளைச் சுருட்டிக் கட்டியது. கொழுக்கட்டை என்று நினைத்து என் மனைவி பிரிக்கப் பார்த்தாள், அது தின்பதற்கல்ல. வாசலில் ஒரு வருஷம் கட்டி வைப்பது. அதில், 'நாங்கள் சோமின் ஷோராயின் சந்ததி' என்று எழுதியிருக்கும். வழிப்போக்கனாக வந்த தெய்வத்துக்குப் பணக்காரன் இடம் தரவில்லை. ஏழையான சோமின் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தினைச்சோறு போட்டான். அவன் சந்ததியை நோய் அண்டாது என்று தெய்வம் வாக்குக் கொடுத்ததாம். எங்கள் வாசலில் மாவிலைத் தோரணத்துக்குப் பக்கத்தில் ஒரு வருஷம் தொங்கியது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் கதையைக் கேட்டுவிட்டு, தன் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்து பார்த்தார். இருவரும் கல்லூரியில் படிக்கிறார்கள், நல்ல உயரம். நம் பல்லக்கைப் பற்றிச் சொன்னேன். தமிழர் அல்லாதவர்கள் தொடலாமா என்று மூத்தவன் கேட்டான். இத்தனை வருஷத்தில் நாம் யாருமே அவர்களைக் கூப்பிட்டதில்லை.

டெம்போத் தீர்மானத்தைத் திரும்பப் பெறக் கோரும் என் கடிதம் செயலாளரிடம் இருக்கிறது. அடுத்த செயற்குழுவில் அது வரும். மாமியிடம் போய்த் தவறு என்று சொல்லிவிட்டேன். அவர் காபி கொடுத்தார், வேறொன்றும் சொல்லவில்லை. தண்டுக்கு எட்டுப் பேர் வேண்டும், மாற்றுவதற்கு இன்னும் எட்டு. இதுவரை பெயர் கொடுத்தவர்கள் அந்த இரண்டு வங்காளிப் பையன்கள், பிறகு நான். என் வயதைச் சொல்லிச் செயலாளர் ஆட்சேபிக்கிறார். பின்தண்டாக இருந்தாலும் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.